எல்லை தாண்டிய தூக்குவாளி

பக்கத்து ஊரில், எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கு நான் அமைப்பாளர். சோறு வெந்து சாம்பார் இறங்கியதும், பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு வருவதற்கு முன்னால், முதல் கரண்டியை நான் தின்றாக வேண்டும். அது போக, அன்றைய சாப்பாட்டில் கொஞ்சம் ஒரு சின்ன டப்பாவில் எடுத்து மூடி, தேதி எழுதி, மறுநாள் வரைக்கும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் எதனால் ஆனது என்று பார்ப்பதற்கு. ஒரு நாள் சாம்பாரில் லேசாகக் கருகல் வாசம் வந்ததற்கு ஊரே திரண்டு வந்து என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டது. கேட்கட்டும். பிள்ளைகள் தின்கிற சோறு, கேட்க வேண்டியதுதான்.

ஆனால் இதே ஊர், சொந்தக்காரர் விசேஷத்தில் தின்றுவிட்டு மறுநாள் வரிசையாகக் கருவேலங்காட்டுக்கு ஓடினாலும் ஒரு வார்த்தை பேசாது. சூடு பிடித்துவிட்டது என்பார்கள். தண்ணீர் மாறிப்போயிற்று என்பார்கள். கண் பட்டுவிட்டது என்பார்கள். தின்ற சோறு சரியில்லை என்று மட்டும் ஒருவர் வாயிலிருந்தும் வராது. விருந்து வைத்தவர்கள் மனம் நோகக் கூடாதாம். தின்றவர்கள் வயிறு நொந்தால் பரவாயில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் ஊர் பந்தல்குடிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். என் வீட்டுக்காரரோடு சேர்த்து அண்ணன் தம்பி மூன்று பேர், இவர் நடு. மூத்தவர் மனைவியை நான் பெரியக்கா என்று கூப்பிடுவேன். கடைசித் தம்பி லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அவர் மனைவிக்கு நான் சின்னக்கா. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். நடமாட முடியாத முழங்கால் வலியோடு மாமனார் அவள் வீட்டில்தான் இருக்கிறார். கல்யாணமாகி ஆறு வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, ஏறாத கோயில் ஏறி, பார்க்காத டாக்டரைப் பார்த்து, நான் சொல்லப்போகிற வருடம்தான் சின்னவள் உண்டாகியிருந்தாள். ஆனி மாதத்தில் அவளுக்கு ஏழாவது மாதம்.

அதே ஆனியில் பெரியக்கா தன் பேரனுக்குக் காது குத்தினார். எங்கள் குலசாமி கோயில் திருச்சுழி தாண்டிக் குண்டாற்றுக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் இருக்கிறது. கிடா வெட்டுக் கோயில். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வெட்டிய கிடாயின் கறி கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. ஓடைக்கரையில் ஒரு எல்லைக்கல் நட்டிருக்கும். அதற்குள்ளேயே ஆக்கி, அதற்குள்ளேயே தின்று, தீராததைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டுதான் கல்லைத் தாண்ட வேண்டும். அந்தக் காலத்தில் யாரோ ஒரு புத்திசாலி, இந்த வெயிலில் கறியைச் சுமந்துகொண்டு பத்து மைல் நடந்தால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டு, சாமி பேரைச் சொன்னால்தான் இந்தச் சனம் கேட்கும் என்று வைத்திருக்க வேண்டும். இது என் எண்ணம். வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள்.

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் வெட்டு நடக்கிற கோயிலுக்குப் போகக் கூடாது என்பதால் சின்னவள் வரவில்லை. மாமனாரால் வேனில் ஏற முடியாது. விடியற்காலையில் கிடா வெட்டி, ஆண்கள் அண்டா வைத்துச் சமைத்து, எட்டு மணிக்கெல்லாம் குழம்பு இறங்கிவிட்டது. ஒன்பது மணிக்குப் பெரியக்கா என்னை அண்டாவுக்குப் பின்னால் கூப்பிட்டார். அவர் கையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி.

"வாயும் வயிறுமா இருக்கா. ஊரே கறி திங்கும்போது அவ மட்டும் ரசஞ்சோறு திங்கவா? ஈரலாப் பாத்துப் போட்டுருக்கேன். மாமாவுக்குஞ் சேத்துத்தான். ஒருத்தருக்கும் தெரியாம வேன்ல வச்சிரு" என்றார்.

"எல்லை தாண்டக் கூடாதேக்கா?"

"ஆறு வருசங் கழிச்சு உண்டானவளுக்குக் குடுத்தா சாமி கோவிக்குமா? பேசாம மூடு."

அவரைக் குறை சொல்ல முடியாது. அது ஆசையில் செய்தது. என்னைத்தான் சொல்ல வேண்டும். எல்லை தாண்டுவது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் கொதிக்கக் கொதிக்க இருந்த குழம்பு வாளியை, ஆறட்டும் என்றுகூட விடாமல், மூடியை அமுக்கி மூடியது என் கைதான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மறைத்து வைத்ததும் நான்தான். சாயங்காலம் வரைக்கும் வேன் வெட்ட வெயிலில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு மணிச் சோறு இரண்டு மணி தாண்டினால் பிள்ளைகளுக்குப் போட விடமாட்டேன். ஊருக்குத்தான் உபதேசம். விசேஷ வீட்டில் நின்றுகொண்டு "கெட்டுப்போகும்" என்று அபசகுனமாக எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். எப்படியும் வீட்டில் கொதிக்க வைத்துத்தானே தின்பார்கள் என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

கொதிக்க வைக்கவில்லை. இது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. ஊருக்கு வந்து சேர ஆறரை மணி. சின்னவள் வீட்டுக்கு இடது பக்கமும் பங்காளி வீடு, வலது பக்கமும் பங்காளி வீடு. எல்லோருக்கும் அதே சாமிதான். அடுப்பில் ஏற்றினால் கறிக்குழம்பு வாசம் சுவரைத் தாண்டிப் போகும். எங்கள் மூத்தவர்தான் கோயில் சாவி வைத்திருப்பவர், முதல் மரியாதை வாங்குகிறவர். அவர் வீட்டுக் கறியே எல்லை தாண்டியது என்று தெரிந்தால் அவ்வளவுதான். அதனால் அடுப்பைப் பற்ற வைக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு, காலையில் எட்டு மணிக்கு ஆக்கிய குழம்பைச் சாயங்காலம் ஏழரை மணிக்கு அப்படியே ஊற்றித் தின்றிருக்கிறார்கள். வாசத்துக்குப் பயந்து சூடு பண்ணாமல் தின்றவர்கள் உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, சின்னவளுக்கு விடியற்காலையிலிருந்து வயிறு சரியில்லையாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். மாசமாக இருக்கிறவளுக்கு ஏதாவது ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கும் என்று போய்விட்டேன். வாளி ஞாபகம் வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டேன். பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் ஒன்பதரைக்கு. அன்று தயிர்சோறு, முட்டை. ருசி பார்த்தேன், டப்பாவில் எடுத்துத் தேதி எழுதினேன், இருநூறு பிள்ளைகளுக்குப் போட்டேன். ஒரு மணிக்கு மாமனார் போன் பண்ணினார்.

"ஏத்தா, வந்துட்டுப் போ. புள்ள கெடக்குற கெட சரியில்ல."

"என்ன மாமா, என்ன செய்யுது?"

"காலைலருந்து வாந்தியும் வயித்தாலயுந்தான். எனக்கும் நாலஞ்சு தடவ போயிருச்சு. நான் கெழவன், கெடக்கேன். அவளப் பாக்க முடியலத்தா." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாமி குத்தமாப் போச்சு" என்றார்.

பள்ளிக்கூட மருந்துப் பெட்டியில் உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இருந்தது. நான்கை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு லோடு ஆட்டோவை மறித்து ஏறி வந்தேன்.

போய்ப் பார்த்தால் சின்னவள் பாயில் சுருண்டு கிடக்கிறாள். உதடு வெடித்திருக்கிறது. கண் உள்ளே போயிருக்கிறது. தொட்டால் அனல். நெற்றி முழுக்கத் திருநீறு. தலைமாட்டில் பெரியக்கா மஞ்சள் துணியில் காசு முடிந்து கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பார்த்தேன். ஒரு செம்புத் தண்ணீர் இல்லை.

"தண்ணி குடுத்தீகளா?"

"குடிச்சாக் குடிச்சாப் போகுது. அதான் காலைலருந்து குடுக்கல. வயிறு காஞ்சா தன்னால நிக்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போகிறது என்றால் உடம்பில் உள்ள தண்ணீர்தான் போகிறது. போனதை ஊற்றாவிட்டால் என்ன மிஞ்சும்? வெயிலில் கிடக்கிற மாட்டுக்குக்கூடத் தொட்டியில் தண்ணீர் வைக்கிறார்கள். வயிற்றில் பிள்ளையோடு கிடக்கிறவளை விடிந்ததிலிருந்து மத்தியானம் வரைக்கும் நாக்கு வறளப் போட்டிருக்கிறார்கள், அதுவும் பாசத்தோடு. "ஒன்னுக்குப் போனியா?" என்று சின்னவளைக் கேட்டேன். காலையிலிருந்து இல்லை என்று தலையை ஆட்டினாள். பாய்க்கு அடியில் ஒரு மாத்திரை அட்டை கிடந்தது. போக்கை நிறுத்துகிற மாத்திரை, பெட்டிக்கடையில் வாங்கியது. இரண்டு விழுங்கியிருந்தாள். மாசமாக இருக்கிறவளுக்கு, காய்ச்சல் அடிக்கிறவளுக்கு, டாக்டரைக் கேட்காமல் அதைக் கொடுத்திருக்கிறார்கள். அட்டையை மடியில் கட்டிக்கொண்டேன், டாக்டரிடம் காட்டுவதற்கு.

ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினேன். அது வருவதற்குள், ஆறவைத்த வெந்நீரில் பாக்கெட்டைக் கரைத்து, ஒரு ஒரு கரண்டியாக வாயில் விட்டேன். முதல் கரண்டி வாந்தியாக வந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி விட்டேன். பெரியக்கா என் கையைப் பிடித்தார்.

"ஆசுபத்திரியில போயி என்னன்னு சொல்லுவ? கோயில்ல போயி விழுந்து மன்னிப்புக் கேட்டாத்தான் இது தீரும். எலுமிச்சம்பழம் வாங்கியாரச் சொல்லிருக்கேன்."

"கையை விடுங்கக்கா" என்றேன். ஆனி மாதக் காற்று கதவை அடித்துக்கொண்டிருந்தது. என் குரல் பங்காளி வீடு இரண்டுக்கும் கேட்டிருக்கும். "சாமி குத்தம்னா சாமி ஒங்களையும் என்னையுமில்ல போட்டுருக்கணும்? வாளியத் தூக்கிக் குடுத்தது நீங்க, மூடுனது நானு. ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்கோம்? தின்ன ரெண்டு பேருந்தான கெடக்காக?"

பெரியக்கா என் கையை விட்டார். ஆம்புலன்ஸ் வந்ததும் என்னோடு ஏறிக்கொண்டார். மாமனாரையும் ஏற்றினோம். குழம்பைச் சூடு பண்ணாமல் தின்றதை அவர்தான் வழியில் சொன்னார். அருப்புக்கோட்டை போகிற வரைக்கும் நான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. பந்தல்குடி தாண்டும்போது பெரியக்கா குனிந்து சின்னவள் காதில் சொன்னது எனக்குக் கேட்டது. "ரசஞ்சோறுன்னு சொல்லு. வேற ஒன்னும் சொல்லாத. குடும்ப மானம் இருக்கு."

ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயது டாக்டரம்மா. நாடியைப் பிடித்துக்கொண்டே, "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"ரசஞ்சோறுதான் டாக்டர்" என்றார் பெரியக்கா.

"அவங்களைக் கேட்டேன். என்னம்மா சாப்பிட்டே?"

சின்னவள் என்னைப் பார்த்தாள். பெரியக்காவைப் பார்த்தாள். "ரசஞ்சோறு" என்றாள். உயிர் ஊசலாடுகிற நேரத்தில், ஆறு வருடம் தவம் கிடந்து கிடைத்த பிள்ளை வயிற்றில் இருக்கிற நேரத்தில், ரசஞ்சோறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்பார்கள். இவர்கள் ஒரு வாளிக் கறியை ரசத்தில் மறைத்தார்கள்.

ரசஞ்சோறுக்கு இப்படி ஆகாதே, வேறு என்னமோ இருக்கும் போலிருக்கிறது என்று டாக்டரம்மா நர்ஸிடம் வேறு என்னென்னவோ சோதனைகளைச் சொல்ல ஆரம்பித்தார். என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

"கறி டாக்டர்" என்றேன். "ஆட்டுக்கறிக் கொழம்பு, ஈரலு. நேத்துக் காலைல எட்டு மணிக்கு ஆக்குனது. சூட்டோட மூடி, பகல் பூரா வெயில்ல வேன்ல இருந்துச்சு. ராத்திரி ஏழரைக்குச் சூடு பண்ணாமத் தின்னுருக்காக. இவளும் இந்தா இருக்குற எங்க மாமாவும். வேற யாரும் இதத் திங்கல. காலைல நாலு மணிக்கு ஆரம்பிச்சிருக்கு. தண்ணி குடுக்கல. ஒன்னுக்குப் போகல. இந்த மாத்திரை ரெண்டு தின்னுருக்கா."

டாக்டரம்மா என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெரியக்காவைப் பார்த்துக் கத்தினார் பாருங்கள், அந்த வார்டே திரும்பியது. "முன்னாடியே சொல்ல மாட்டீங்களா? மாசமா இருக்கிற பொண்ணுக்குக் காய்ச்சலோட வயித்துப்போக்குன்னா நாங்க எதை எதையெல்லாம் யோசிக்கணும் தெரியுமா? என்ன சாப்பிட்டாங்க, எப்பச் சாப்பிட்டாங்க, கூட யார் சாப்பிட்டாங்க, இது மூணும் சொன்னா எங்களுக்குப் பாதி வேலை முடிஞ்சிரும். இதைச் சொல்றதுல என்ன வெக்கம்?" என்றார். "அந்தக் கறி மிச்சம் இருக்கா?" என்றும் கேட்டார். காலையிலேயே மாமனார் சொல்லிப் பெரியக்கா அதைக் கொல்லையில் புதைத்து, மேலே மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்.

பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். மாமனார் ஒரு பாட்டிலோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். சின்னவள் வயிற்றில் ஒரு சின்னக் கருவியை வைத்துப் பிள்ளையின் துடிப்பைத் தேடினார்கள். இரைச்சல் மட்டும் வந்தது. டாக்டரம்மா இடத்தை மாற்றி வைத்தார். மறுபடி இரைச்சல். அந்த நேரத்தில் நான் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. மூடியை அமுக்கிய என் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது இடத்தில் கேட்டது. வேகமாக, தடதடவென்று. பெரியக்கா ஓவென்று அழுதார். சின்னவளுக்கு அழக்கூடத் தண்ணீர் இல்லை.

மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அதற்குள் விஷயம் ஊருக்குப் போய்விட்டது. நான் கத்தியதில் பாதி, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கத்தியதில் மீதி. பங்காளிகள் கூட்டம் போட்டார்கள். எல்லை தாண்டிய குற்றத்துக்கு மூத்தவர் ஒரு கிடா வெட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவரைக்கும் முதல் மரியாதை கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். சூடு பண்ணாமல் தின்றதைப் பற்றியோ, தண்ணீர் கொடுக்காததைப் பற்றியோ, டாக்டரிடம் பொய் சொன்னதைப் பற்றியோ அந்தக் கூட்டத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பெரியக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினார். தெருவில் என்னைக் கண்டால் முந்தானையை உதறிக்கொண்டு போனார். காட்டிக் கொடுத்தவள் என்று எனக்குப் பேர் வந்தது.

அதையெல்லாம் நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆனால் ஒரு நாள் சின்னவளுக்கு மோர் கொண்டுபோனபோது, உள்ளே அவள் தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது வாசலில் நின்ற என் காதில் விழுந்தது. "பெரியக்கா ஆசையாத்தான் குடுத்துவிட்டாக. இந்தச் சின்னக்காதான் ஆசுபத்திரியில எல்லாத்தையும் போட்டு ஒடச்சு அசிங்கப்படுத்திருச்சு. சாமி எரக்கப்பட்டு விட்டுச்சு, அதான் பொழச்சேன்."

மோர்ச் செம்பை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். சாமி இரக்கப்பட்டதாம். கரண்டி கரண்டியாக ஊற்றியது யார், ஊசி போட்டது யார்? நன்றிக்காக நான் எதையும் செய்யவில்லை. ஆனால் பிழைத்தது எதனால் என்று தெரியாவிட்டால் அடுத்த தடவை எதைச் செய்வாள்? அதுதான் என்னை அரித்தது.

தெரியாதவர்களுக்காக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். வாந்தி பேதி என்றால் தண்ணீரை நிறுத்தாதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பெட்டிக்கடை மாத்திரையைத் தொடாதீர்கள். காய்ச்சல் இருந்தாலோ, ரத்தம் போனாலோ, சிறுநீர் நின்றாலோ, கொடுத்த தண்ணீர் தங்கவே இல்லையென்றாலோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மாசமாக இருக்கிற பெண், கைப்பிள்ளை, வயதானவர்கள் என்றால் இதில் எதற்கும் காத்திருக்கவே வேண்டாம், வண்டியைக் கூப்பிடுங்கள். டாக்டர் கேட்டால் தின்றதைச் சொல்லுங்கள். அதே சோற்றைத் தின்ற மற்றவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள். மானம் அப்புறம். இதை நான் எங்கள் தெருவில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தலையை ஆட்டுவதற்கு எங்கள் ஊரில் யாரும் பஞ்சம் வைத்ததில்லை.

புரட்டாசியில் சின்னவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் எடை குறைவு, மற்றபடி நல்ல குழந்தை. மாசி மாதம் அந்தக் குழந்தைக்கு மொட்டையும், மூத்தவருடைய மன்னிப்புக் கிடாயும் ஒன்றாக வைத்தார்கள். நானும் போனேன். அன்று கோயிலில் நடந்ததைப் பார்த்தால் நீங்கள் அசந்துபோவீர்கள். விடிந்ததுமே குழி வெட்டிவிட்டார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மிச்சக் கறி அத்தனையும் குழிக்குள் போயிற்று. பெரியக்கா பக்கத்தில் நின்று ஒரு துண்டுகூட வெளியே போகாமல் பார்த்துக்கொண்டார். வேனில் ஏறுகிற ஒவ்வொருவர் பையையும் மூத்தவர் தடவிப் பார்த்தார். சரி, சாமிக்குப் பயந்தாவது புத்தி வந்ததே என்று எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

ஊருக்கு வந்து இறங்க ஆறரை மணி. சின்னவள் வீட்டு வாசலில் எல்லோரும் இறங்கினோம். அப்போது பெரியக்கா டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பெரிய கட்டைப்பையை எடுத்தார். உள்ளே பத்துப் பதினைந்து பொட்டலம். கோழி பிரியாணி. காலையில் தண்ணீர் கேன் வாங்க அருப்புக்கோட்டைக்குப் போன அவர் மகன், வரும்போது கடையில் கூட்டமாக இருக்கும் என்று பதினோரு மணிக்கே வாங்கி வந்துவிட்டானாம். ராத்திரிக்கு வந்து யார் உலை வைப்பது என்பதற்காகவும், வீட்டில் இருக்கிற மாமனாருக்காகவும். அதே வேன், அதே இடம், அதே வெயில். சாக்குக்கூட அதே சாக்கு.

"அக்கா!" என்றேன். எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவரிடம் பேசினேன். "என்னக்கா இது?"

அவர் என்னைப் பார்க்காமல், வாசலில் நின்ற எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "சாமி கறிதான் எல்லை தாண்டக் கூடாது. இது கடைச் சோறு. இதுக்கென்ன குத்தம்?"

என் வீட்டுக்காரர் உட்பட எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆமாம், கடைச் சோறுதானே. எனக்கு அந்த இடத்திலேயே முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இவ்வளவு பட்டும், ஆம்புலன்ஸ் ஏறியும், ஒரு கிடாயை வெட்டியும், இவர்கள் கற்றுக்கொண்டது இதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியக்கா ஒரு பொட்டலத்தை எடுத்துச் சின்னவளிடம் நீட்டிவிட்டார். "இந்தா, மொதல்ல நீ தின்னு. பால் குடுக்குறவ, பசியோட இருக்காத."

சின்னவள் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். ஒரு கையால் பொட்டலத்தை வாங்கினாள். வாங்கியவள் அப்படியே நின்றாள். பொட்டலத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகவில்லை, பிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"பெரியக்கா, இது எத்தன மணிக்கு ஆக்குனது?" என்றாள்.

"எதுக்குடி?"

"சொல்லுங்க. எத்தன மணிக்கு ஆக்குனது?"

பங்காளி வீட்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பெரியக்காவின் முகம் கறுத்தது. சின்னவள் பொட்டலத்தைக் கட்டைப்பைக்குள்ளேயே திரும்பப் போட்டாள். "நான் திங்க மாட்டேன். மாமாவுக்கும் குடுக்காதீக" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள்.

நான் யாரையும் பார்க்காமல் உள்ளே போனேன். ரவை எந்த டப்பாவில் இருக்கிறது என்று சின்னவளைக் கேட்டுக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தேன்.